கைப்புண்ணும் கண்ணாடியும்

கைப்புண்ணைப் பார்க்கக் கண்ணாடி வேண்டுமா என்று கேட்பது நம்மவர் வழக்கு. புண் கண்ணுக்குத் தெரிவது. அதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. புண்ணே இல்லாத கை நோகுமாயின் அதற்கு யார் சாட்சி?

உடுவிலில் தையலைத் தொழிலாகக் கொண்ட தாயொருத்தியை இக்கேள்வி ஈராண்டு காலம் வருத்தியது. வலக்கையின் பெருவிரலும் அடுத்த இரு விரல்களும் விறைத்தன. சின்னவிரல் மட்டும் தப்பியது. நள்ளிரவில் எழுந்து கையை உதறுவாள். பிடித்த ஊசி பிடியினின்று நழுவும். கையிலோ காயமில்லை, எக்ஸ் கதிர்ப் படத்தில் எலும்புகளும் பழுதின்றி இருந்தன. "வேலைக்கள்ளிக்குப் பிள்ளைச் சாட்டு; இவளுக்குக் கைச் சாட்டு" என்று வீட்டார் முணுமுணுத்தனர். நாளடைவில் அவளே தன் நோவை ஐயுறத் தொடங்கினாள்.

மணிக்கட்டிலே சிற்றெலும்புகளும் தடித்த நாரொன்றும் சேர்ந்து ஒடுங்கிய குகையொன்றை ஆக்குகின்றன. 9 தசைநாண்களும் நடுநரம்பும் அதனூடே செல்கின்றன. அங்கே நெருக்கம் மிகுந்தால் நலிவது நரம்பே. சின்னவிரலுக்குரிய நரம்பு அக்குகைக்கு வெளியே செல்வதனாலேயே அவ்விரல் தப்புகிறது.

வைத்தியர் அவள் சொல்லைக் கேட்டும் மணிக்கட்டை மடக்கிப் பார்த்தும் நோயை ஊகித்தார். கட்டி ஏதும் அழுத்துகிறதோ என்றறியக் காந்தப் பரிவுப் படம் எடுக்கப்பட்டது. வலிய காந்தப் புலத்தினுள் உடலின் ஐதரசன் கருக்கள் தரும் சைகைகளிலிருந்து ஆக்கப்படும் அப்படம், மென்மையான இழையங்களையும் காட்டவல்லது. குகைவாயிலில் நரம்பு வீங்கியும் உள்ளே தட்டையாகியும் கிடந்தது, கட்டி எதுவுமில்லை. வீட்டார் வாயடைத்து நின்றனர்.

"இந்தப் படம் சொல்லுறதை அம்மா முதல் நாளே சொல்லிப்போட்டா" என்றார் வைத்தியர்.

அச்சொல் சிந்தனைக்குரியது. அயலூராகிய மானிப்பாயிலே சாமுவேல் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் உடற்கூற்று நூல் 1872இல் தமிழில் வெளிவந்தது. உடலின் உள்ளமைப்பைத் தமிழிற் சொல்லலாம் என்று காட்டிய அயலில், ஒருத்தி தன் நோவைத் தமிழிற் சொன்னபோது கேட்பாரில்லை. படம் நரம்பின் வடிவத்தைக் காட்டும், நோவைக் காட்டாது. மாற்றம் தெரியாத கையும் நோகலாம். அத்தகைய கைக்கு உடையவளின் சொல்லன்றி வேறு சாட்சி ஏது?

சத்திரசிகிச்சையில் அந்நார் அறுக்கப்பட்டு நெருக்கம் தளர்ந்தது. நூலின் மென்மையை விரல்நுனிகள் மெல்ல மெல்ல மீண்டும் உணர்கின்றன. படத்தை அவள் தையற்பெட்டியின் அடியிலே பத்திரமாக வைத்திருக்கிறாள், மறுபடி யாரேனும் சாட்டு என்று சொன்னால் எடுத்துக் காட்டுவதற்கு.