பிரிவும் பொதுவும்

அண்ணன் தம்பியர் தனிக்குடித்தனம் போவது தமிழர்க்குப் புதிதன்று. அடுப்பு இரண்டாகும், முற்றத்துக் கிணறு ஒன்றாகவே இருக்கும். அவ்வழக்கே இன்று அடுக்குமாடியிலும் வந்து நிற்கிறது.

கோலாலம்பூர்ப் புறநகரில் ஓர் அடுக்குமாடி. கீழே கடைகள், மேலே வீடுகள். இரண்டுக்கும் நிர்வாகக் கழகம் ஒன்றே. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் மளிகைக் கடைக்காரர் எழுந்தார். “நாங்கள் மின்தூக்கியில் ஏறுவதில்லை, நீச்சல் குளத்தில் கால் நனைப்பதுமில்லை. ஆயினும் மாதந்தோறும் அவற்றிற்கும் பணம் கட்டுகிறோம். எங்களைத் தனியே பிரித்துவிடுங்கள்” என்றார். “உங்கள் வாடிக்கையாளரின் வண்டிகள் எங்கள் வழியை அடைக்கவில்லையா?” என்று வீட்டுக்காரர்கள் சினந்தனர்.

சட்டம் இதற்கு வழி வகுத்திருக்கிறது. மலேசியாவின் 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டம் 2015 ஜூன் திங்களில் நடைமுறைக்கு வந்தது. ஒரு சாரார் மட்டுமே பயன்படுத்தும் வசதிகளை வரையறுத்து, அவர்களுக்கெனத் துணை நிர்வாகக் கழகம் அமைக்க அது இடந்தருகிறது. சிங்கப்பூரிலும் 2004ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய ஏற்பாட்டைத் தந்தது. ஆனால், இரு நாடுகளிலும் துணைக் கழகம் பிறந்ததும் தாய்க் கழகம் மறைந்துவிடுவதில்லை. எல்லார்க்கும் உரிய பொதுச்சொத்து அதன் பொறுப்பிலேயே இருக்கும்.

அக்கூட்டத்தில் பன்னிரண்டாம் மாடியில் வாழும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரும் இருந்தார். முழங்கால் வலியுடையவர், மின்தூக்கி இன்றேல் அவருக்கு வெளியுலகமே இல்லை. கழகம் பிரிந்தால் அவர் கட்டணம் உயரும், ஓய்வூதியமோ உயராது. அவர் எதிர்த்துப் பேசுவார் என்றே யாவரும் எண்ணினர்.

“கடைக்காரர் கேட்பது நியாயம்” என்றார் அவர். “நான் ஏறும் தூக்கிக்கு அவர் ஏன் கூலி கொடுக்க வேண்டும்? ஆனால், பிரிப்பதற்கு முன் பிரிக்க முடியாதவை எவை என எழுதிக்கொள்வோம். தீப்பற்றினால் அது கடையென்றும் வீடென்றும் பார்த்தா எரியும்?”

தாள் ஒன்று வந்தது. கடைக்காரர் சொல்லச் சொல்ல ஆசிரியரே எழுதினார். பிரியக்கூடியவை நான்கு வரிகளில் அடங்கின. அடித்தளம், கூரை, கழிவுநீர்க் குழாய், தீயணைப்புக் கருவி, நுழைவாயில் எனப் பொதுவானவை மறுபக்கத்திலும் நீண்டன. தீர்மானம் அடுத்த கூட்டத்திற்குப் போயிற்று. சினம் மட்டும் அன்றே தணிந்தது.

கணக்கு பிரிவதால் உறவு கெடுவதில்லை. பொதுவானதை மறந்து பிரிவதே கேடு.