தேங்காயின் ஈரத்துக்கு என்ன கூலி?

டிசம்பர் பாதி கடந்ததும் வடகோவாவின் மாபுசா சந்தையில் இனிப்பு விற்கும் வரிசை நீண்டுவிடுகிறது. கிறிஸ்துமஸுக்கு அக்கம்பக்கத்து வீடுகளுக்குத் தட்டு நிறைய அனுப்பும் பலகாரங்களுக்கு அங்கே குஸ்வார் என்று பெயர். நம் சோமாசுக்கு ஒன்றுவிட்ட உறவான நெவ்ரி, கருத்துப் பளபளக்கும் தோதோல், அடுக்கடுக்கான பெபிங்கா எல்லாம் அதில் உண்டு. நான் பார்க்கப் போனது தேங்காயை ரவையோடு சேர்த்துச் சுடும் இரண்டை: முள்கரண்டியால் கோடு கீறிய பொலின்யா பிஸ்கட், ஏறக்குறைய அதே கலவையைத் தட்டில் பரப்பிச் சுட்டுத் துண்டு போடும் பாத். செய்பவர்களே பெரும்பாலும் விற்கவும் செய்கிறார்கள். எல்லாரும் பெண்கள், வேலை நடப்பது அவரவர் சமையலறையில். பெட்டி மேல் ‘வீட்டில் செய்தது’ என்று ஒட்டியிருக்கும். அந்தச் சொல்லுக்குள் எவ்வளவு வேலை அடங்கியிருக்கிறது, அந்த வேலைக்கு விலையில் இடம் இருக்கிறதா என்று பார்த்தால், இடம் இல்லை என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தப் பண்டங்களின் தேர்ச்சி தேங்காயின் ஈரத்தை ஆளுவதில் இருக்கிறது. அதற்கு நேரம் பிடிக்கிறது. அந்த நேரத்தை வாங்குபவரும் கணக்கில் சேர்ப்பதில்லை, விற்பவரும் சேர்ப்பதில்லை.

ஈரத்தை எடையிலேயே சொல்லிவிடலாம். புதிதாகத் துருவிய தேங்காயில் சுமார் 47 விழுக்காடு தண்ணீர். பொலின்யாவுக்குத் தேங்காய், சர்க்கரை, ரவை மூன்றும் அரை அரைக் கிலோ என்று வைத்துக்கொண்டால், தேங்காய் மட்டுமே கால் லிட்டருக்குச் சற்றுக் குறைந்த தண்ணீரைக் கொண்டுவருகிறது. பாகுக்கு ஊற்றும் தண்ணீர் தனி. இத்தனை ஈரத்தோடு உருட்டிச் சுட்டால் பிஸ்கட் பரந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதனால் வேலை முதல் நாளே தொடங்குகிறது. ஆடோளி என்னும் அரிவாள்மணையில் உட்கார்ந்து, பழுப்புத் தோல் விழாமல் வெள்ளையை மட்டும் துருவுகிறார்கள். துருவலைக் கொரகொரப்பாக அரைக்கிறார்கள். விழுதானால் பால் பிரிந்து எண்ணெய் விடும், திப்பியாக நின்றால் பிஸ்கட் வாயில் உதிரும். கம்பிப் பதத்துப் பாகில் தேங்காயும் வறுத்த ரவையும் சேர்ந்து, பாத்திரத்தின் ஓரம் விட்டுச் சுருண்டு வரும்வரை கிளற வேண்டும். ஆறிய பிறகு மஞ்சள் கரு, வெண்ணெய், ஏலக்காய். (தூத்துக்குடி மக்ரூனுக்கு வெள்ளைக் கருதான் உயிர். போர்த்துக்கீசியர் வந்துபோன இரண்டு கடற்கரைகள் ஒரே முட்டையைப் பங்கு போட்டுக்கொண்டது போல இருக்கிறது.) பிறகு இரவு முழுக்க மூடி வைத்துவிடுவார்கள். ரவை மெதுவாகத்தான் ஈரத்தைக் குடிக்கும், அவசரப்படுத்த முடியாது.

மறுநாள் காலையில் முழுத் தட்டையும் யாரும் அடுப்பில் ஏற்றுவதில்லை. ஒரே ஒரு பிஸ்கட்டை முதலில் சுட்டுப் பார்க்கிறார்கள். ஓரம் படர்ந்தால் இன்னும் ஒரு பிடி ரவை, இன்னும் கொஞ்ச நேரம். வெடித்தால் இன்னொரு மஞ்சள் கரு. அன்றைய தேங்காய் முற்றியதா, சற்று இளசா என்பதைப் பொறுத்து இது மாறும். ஆகவே எழுதி வைத்த அளவு பாதி வழிதான் துணைக்கு வரும். கீறுவதையும் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். முள்கரண்டியை ரவையில் தொட்டுக்கொண்டு, தட்டிய உருண்டையின் மேல் ஒரு பக்கமாக அழுத்தி, பிறகு குறுக்கே அழுத்துகிறார்கள். ஆழமாகப் போனால் சூட்டில் அந்தக் கோட்டிலேயே விண்டு போகும். மேலோட்டமாக விட்டால் பிஸ்கட் உப்பும்போது கோடு மறைந்துவிடும். வெந்ததா என்று மேற்புறத்தைப் பார்த்துச் சொல்வதில்லை. ஒன்றைத் திருப்பி, அடிப்பக்கம் பொன்னிறம் ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகே தட்டு வெளியே வருகிறது.

இங்கே எழும் முதல் மறுப்பு நியாயமானது. இவ்வளவு பாடு எதற்கு, உலர்ந்த தேங்காய்த்தூள் பொட்டலமாகக் கிடைக்கிறதே? அதில் தண்ணீர் 3 விழுக்காடுதான். இரவு காத்திருப்பும் சோதனை பிஸ்கட்டும் பெருமளவு வேண்டாம். பேக்கரிகளுக்கும் மேலைநாட்டு வீடுகளுக்கும் தேங்காய் பிஸ்கட்டைக் கொண்டு சேர்த்ததே இந்தத் தூள்தான். 1895-இல் பிலடெல்பியாவின் மாவு வியாபாரி பிராங்க்ளின் பேக்கருக்கு, அனுப்பிய மாவுக்கு விலையாகக் கியூபாவிலிருந்து கப்பல் நிறையத் தேங்காய் வந்து சேர்ந்தது. அழுகுவதற்குள் விற்க வழியில்லாமல், துருவி உலர்த்தும் தொழிலில் அவர் இறங்கினார். ஏறக்குறைய அதே காலத்தில் இலங்கையிலும் இந்த ஆலைகள் எழுந்தன. இன்று நம் பொள்ளாச்சிப் பக்கமும் உண்டு. அதைக் குறைசொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் எடைக்கு எடை மாற்றிப் போட்டால் பண்டமே வேறாகிவிடுகிறது. புதுத் தேங்காயில் கொழுப்பு மூன்றில் ஒரு பங்கு. தூளில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு. தூளில் செய்தது முழுக்க மொறுமொறுப்பாக, விரலில் எண்ணெய்ப் பிசுக்கோடு வரும். புதுத் தேங்காயில் செய்ததோ மேலே கடினமாக, உள்ளே மெத்தென்று, தேங்காய்ப்பால் மணத்தோடு இருக்கும். இரண்டும் நல்ல தின்பண்டங்கள்தான். இரண்டையும் ஒரே பெயரில், ஒரே விலையில் வைப்பதில்தான் கோளாறு. தூளில் செய்தவர் முந்திக்கொள்கிறார், மற்றவர் அவருடைய விலைக்கு இறங்கி வர வேண்டியிருக்கிறது.

மிக்சியும் ஓவனும் வந்தபின் வேலை குறைந்துவிட்டது என்பது அடுத்த வாதம். அரைக்கும் பாடு குறைந்தது உண்மை. முன்பு கல்லில் அரைத்தார்கள். பாத் சுடுவதற்குப் பாத்திரத்தின் மூடி மேலும் தணல் கொட்டி, மேலும் கீழும் சூடு கொடுத்தார்கள். ஊர் ரொட்டிக்காரரான பொதேரின் விறகு அடுப்பு, ரொட்டி எடுத்த பிறகும் சூடாக இருக்கும். வீட்டுத் தட்டுகள் அங்கே போய் ஒரே வேளையில் வெந்து திரும்பியதும் உண்டு. இன்றைய வீட்டு ஓவனில் ஒரு முறைக்கு இருபது பிஸ்கட் அடங்கினால் அதிகம். மேலே சொன்ன அளவில் எழுபது பிஸ்கட் வரை வரும். தட்டுக்கு 25 நிமிடம் என்றால், வெறும் சுடுவதற்கே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல், அதுவும் பக்கத்திலேயே நின்று. கருவி கையின் உழைப்பைக் குறைத்தது, கண்காணிப்பைக் கூட்டிவிட்டது. இதோடு பருவ நெருக்கடியும் சேர்கிறது. தோதோலை முன்கூட்டியே கிண்டி வைக்கலாம், கெடாது. ஈரம் உள்ள பொலின்யாவும் பாத்தும் அப்படித் தாங்காதவை. பண்டிகைக்கு முந்தைய சில நாட்களில் எல்லா ஆர்டரும் ஒன்றாக வந்து விழுகின்றன. அந்த நாட்களில் வீட்டில் மற்ற வேலைகள் நின்றுவிடுவதும் இல்லை.

விலை எப்படி வைக்கிறார்கள் என்று கேட்டால் தேங்காய், முட்டை, சர்க்கரை, வெண்ணெய், கேஸ் என்று விரல் விட்டு எண்ணுகிறார்கள். மேலே கொஞ்சம் லாபம். 2025-இல் தேங்காய் விலை ஏறியபோது பெட்டி விலையை ஏற்றத் தயங்கினாலும், ஏற்றுவதற்கு ஒரு காரணம் சொல்ல முடிந்தது. வாங்குபவருக்கும் அது புரிந்தது. இரவு ஊறிய மாவுக்கும் தட்டு தட்டாகக் காத்து நின்ற காலையின் கூலிக்கும் அப்படி ஒரு ரசீது இல்லை. ‘லாபம்’ என்று அவர்கள் சொல்வதைச் செலவான மணிக்கணக்கால் வகுத்துப் பார்த்தால் அது லாபமே அல்ல, குறைந்த கூலி.

பண்டிகைப் பலகாரத்தை இப்படிக் கூலிக்கணக்காக்கலாமா, அன்போடு தட்டில் அனுப்பும் பொருள் அல்லவா என்று கேட்பவர்கள் கோவாவிலும் உண்டு, இங்கேயும் உண்டு. தட்டில் அனுப்பும்போது கணக்கு வேண்டாம். அங்கே தட்டு வெறுமையாகத் திரும்புவதில்லை, அதுவே கணக்கு. விலை குறித்து விற்ற பிறகு அந்த அன்பைத் தள்ளுபடியாகக் கேட்பது சரியல்ல. அரசு அங்கீகாரம் இதைச் சரிசெய்யும் என்ற நம்பிக்கையும் இருக்கிறது. 2023-இல் கோவா பெபிங்காவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, நல்ல செய்திதான். ஆனால் அந்தக் குறியீடு பெயரையும் ஊரையும் காக்கும். ஒவ்வோர் அடுக்கும் வேகும்வரை காத்திருந்தவருக்கு எவ்வளவு போகிறது என்பதில் அது தலையிடாது. பொலின்யாவுக்கும் ஒருநாள் கிடைத்தாலும் இதே கதைதான்.

வலுவான மறுப்பு ஒன்று மிச்சமிருக்கிறது. நேரத்துக்கும் விலை வைத்தால் வாங்குகிறவர் பேக்கரிப் பெட்டிக்குப் போய்விடுவார். சிலர் போகத்தான் செய்வார்கள். அவர்களைத் தக்கவைக்க விலையைக் குறைக்கும் பெண்கள் விரைவில் தூளுக்கு மாறுகிறார்கள், இல்லையென்றால் அடுத்த டிசம்பரில் அடுப்பை மூட்டுவதையே விட்டுவிடுகிறார்கள். அப்போது புதுத் தேங்காய் பொலின்யா எந்த விலைக்கும் கிடைக்காது. அதைவிட, இரண்டு பெட்டிகளையும் பிரித்துக் காட்டி இரண்டு விலை வைப்பது மேல். ‘வீட்டில் செய்தது’ என்ற பொதுச்சொல்லை எடுத்துவிட்டு, ‘புதுத் தேங்காய், இரவு ஊறியது, சுட்ட நாள் இது’ என்று ஒட்டினால் வித்தியாசம் வாங்குபவருக்கு எழுத்திலேயே தெரியும். சேர்ந்து விற்கும் மகளிர் குழுக்கள் இதை எளிதாகச் செய்யலாம். தனியாகச் செய்யும் ஒருவருக்கு முதலில் தயக்கம் இருக்கும்.

டிசம்பரில் கோவா போகிறவர்கள் கடற்கரையோடு திரும்பிவிடாமல் மாபுசா வெள்ளிக்கிழமைச் சந்தைக்கும் ஒரு நடை போய் வாருங்கள். பெட்டியைக் கையில் எடுக்கும்போது தேங்காய் புதுசா, தூளா என்று கேளுங்கள். புதுசு என்றால் சொன்ன விலையைக் கொடுங்கள். நாகர்கோவிலிலும் தூத்துக்குடியிலும் கிறிஸ்துமஸ் பலகாரம் வீட்டில் செய்து விற்கும் பெண்களிடமும் தயவுசெய்து பேரம் பேசாதீர்கள்.