சதவீதத்தைப் பார்த்து வந்த கதை

2024-25-ஆம் வருஷத்தில் தமிழ் நாட்டின் உற்பத்தி 11.19 சதவீதம் வளர்ந்ததாக மத்திய சர்க்காரின் புள்ளிவிவர இலாகா கணக்குக் காட்டியது. பத்திரிகையில் அதைப் படித்தபோது நமக்கு ஏற்பட்ட பெருமையை ஒளிப்பானேன்? அண்டை வீட்டுக்காரரிடம் உடனே போய்ச் சொன்னோம். "அப்படியா, ரொம்ப சந்தோஷம். நம்ம பையனுக்குத்தான் இன்னும் ஒன்றும் ஆகவில்லை" என்றார். பிள்ளை இஞ்சினீயர் பரீட்சை தேறி இரண்டு வருஷமாகிறது.

இந்தச் சதவீதம் எப்படித்தான் இருக்கும் என்று நேரில் பார்த்துவிடுவதாகத் தீர்மானித்தோம். ஒரு நாள் காலை தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிச் செங்கற்பட்டுக்குப் பிரயாணமானோம்.

மறைமலை நகர் நெருங்கியதும் எதிரே இருந்தவர் வெளியே பார்த்துப் பெருமூச்சு விட்டார். மோட்டாருக்கு உதிரிச் சாமான் செய்யும் பட்டறை ஒன்றில் பன்னிரண்டு வருஷம் உழைத்தவராம். பட்டறை மூடிய பிறகு வாடகை வண்டி ஓட்டுகிறாராம். "போர்டு கம்பெனி 2029-லே மறுபடி ஆரம்பிக்கிறதாமே, ஸார்! அப்போது எனக்கு ஐம்பது வயதாகிவிடும். எடுத்துக்கொள்வார்களா?" என்று கேட்டார். நமக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அந்தக் கம்பெனியின் கதை நேயர்கள் அறிந்ததே. மறைமலை நகரில் செய்த மோட்டார் வண்டிகள் 2017-ஆம் வருஷக் கடைசியிலிருந்து அமெரிக்காவுக்கே கப்பலேறின. கொல்லன் தெருவில் ஊசி விற்பது அசட்டுத்தனம் என்பார்கள். நம் தொழிலாளிகள் விற்றே காட்டினார்கள்! ஆனாலும், பத்து வருஷத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று சொல்லி, இந்தியாவில் மோட்டார் செய்வதை நிறுத்தப் போவதாக 2021 செப்டம்பரில் அறிவிப்பு வந்தது. 2022 ஜூலையில் கடைசி வண்டி வெளியேறியது. கை தேர்ந்திருந்தது, பண்டமும் நன்றாயிருந்தது. தீர்ப்பு மட்டும் கடலுக்கு அப்பால் எழுதப்பட்டது.

பிறகு 2025 அக்டோபரில் நல்ல செய்தி வந்தது. அதே இடத்தில் 3,250 கோடி ரூபாய் முதலில் இஞ்சின் செய்யப் போகிறார்கள், வருஷத்துக்கு 2,35,000 இஞ்சின்கள், 2029-ல் உற்பத்தி, நேரடியாக 600 பேருக்கு மேல் வேலை. ரயிலில் உட்கார்ந்தபடியே விரலை மடக்கிக் கணக்குப் போட்டோம். ஓர் ஆளுக்கு ஐந்து கோடி ரூபாய்க்கு மேல் வருகிறது! சுற்றுப்புறப் பட்டறைகளுக்கும் வேலை கிடைக்கும் என்பது வாஸ்தவம். இருந்தாலும், முதல் பெருகும் வேகத்தில் வேலை பெருகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டியதில்லை.

பரனூரில் கூட்டம் இறங்கியது. 2002-ல் திறந்த மகீந்திரா நகரத்துக்குப் போகிறவர்கள். கழுத்தில் அடையாளச் சீட்டுத் தொங்க, பாதிப் பேர் பெண்கள். இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் தமிழ் நாட்டில் இருக்கிறார்கள். நாம் தேடி வந்த சதவீதத்தை முதன் முதலாகக் கண்ணால் கண்டது இங்கேதான்.

கொளவாய் ஏரியைப் பார்த்துக்கொண்டே செங்கற்பட்டில் இறங்கினோம். ஊரை அடுத்த திருமணியில் 594 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்று உண்டு. தடுப்பூசி மருந்து செய்வதற்காக 2012-ல் மத்திய சர்க்கார் அனுமதித்தது. கொரோனா வந்து, தேசமே தடுப்பூசிக்குத் தவித்த 2021-ல், அந்தத் தொழிற்சாலை சும்மா நின்றது. குத்தகைக்காவது கொடுங்கள் என்று ராஜ்ய சர்க்கார் கேட்க வேண்டியிருந்தது. அந்நியனைக் குறை சொல்ல இங்கே இடமில்லை. பணமும் நம்முடையது, தாமதமும் நம்முடையது.

திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் மாமல்லபுரம் போய்ச் சேர்ந்தோம். 2021-22-ல் தாஜ் மகாலைக் காட்டிலும் அதிகமான அந்நிய நாட்டார் வந்து பார்த்த ஊர். உளிச் சத்தம் கேட்ட கொட்டகை ஒன்றில் நுழைந்தோம். ஸ்தபதியாருக்கு அறுபது வயதிருக்கும். அயல்நாட்டுக் கோயில் ஒன்றுக்காக அம்மன் விக்கிரகம் செய்துகொண்டிருந்தார். இவ்வூர்க் கற்சிற்பத்துக்கு 2017-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, லாபம் உண்டா என்று விசாரித்தோம்.

"பேர் கிடைத்தது, ஐயா. கல் விலையும் ஏறிற்று" என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. இயந்திரம் வைத்துக் கல் அறுக்க ஆரம்பித்த பிறகு தூசி நெஞ்சில் இறங்குகிறதாம். பிள்ளை பரனூரில் பதினோரு மாத ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் உளி பிடிக்கிறான். "இந்தக் கையை வளர்க்கப் பத்து வருஷம் ஆகும். அங்கே பத்து நாளில் கற்றுக் கொடுத்துவிடுகிறார்கள். பத்து நாளில் கற்றதற்குப் பதினோரு மாதந்தானே?" என்றார். பொருளாதார நிபுணர்கள் நூறு பக்கத்தில் சொல்வதை அவர் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

கடற்கரையோடு தெற்கே போனால் சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டை. 17-ஆம் நூற்றாண்டில் இந்தத் துறையிலிருந்து மெல்லிய மஸ்லின் துணி ஐரோப்பாவுக்குப் போயிற்று. வாங்கியவர்கள் போனார்கள், மதில் நிற்கிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குகளின் மேல் 50 சதவீதம் வரி போட்டதும் திருப்பூர் தறிகெட்டுத் தவித்தது ஞாபகத்துக்கு வந்தது. ஏற்றுமதி வேண்டாம் என்று சொல்ல நாம் பைத்தியமல்ல. ஆனால் ஒரே வீட்டுக்காரருக்கு மட்டும் பால் ஊற்றுகிற பால்காரனின் பிழைப்பு நமக்கு வேண்டியதில்லை. உள்ளூரிலும் வாங்குகிறவன் கையில் காசு இருக்க வேண்டும். அதற்குப் பதினோரு மாதச் சம்பளம் போதாது.

இருட்டிய பிறகு வீடு திரும்பினோம். அண்டை வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றிருந்தார். "என்ன, சதவீதத்தைப் பார்த்தீர்களா?" என்றார். பார்த்த மட்டும் சொன்னோம். மறைமலை நகர் இஞ்சின் தொழிற்சாலையைப் பற்றியும், 2029-ஐப் பற்றியும் சொன்னோம். அவர் ஒன்றும் பேசாமல் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். பிள்ளையின் வயதைக் கூட்டிப் பார்க்கிறார் என்று தெரிந்தது.