பாட்டு குடியிருக்கும் பாலம்

டோக்கியோ நகரின் இகெபுகுரோ ஸ்டேஷனில் ரெயில் ஏறினால், ஒன்றரை மணி நேரத்துக்குள் சிச்சிபுவில் இறங்கிவிடலாம். மலைகள் சூழ்ந்த ஊர். 1,304 மீட்டர் உயரமுள்ள புகோ மலை கண்ணில் படும். சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக் கல்லை வெட்டி வெட்டி, அதன் ஒரு பக்கம் படிக்கட்டுப் போல் ஆகியிருக்கிறது.

கருணைத் தெய்வமான கன்னோனின் 34 ஆலயங்களைத் தரிசிக்க இங்கே யாத்ரீகர்கள் நூற்றாண்டுகளாக வருகிறார்கள். 2011-க்குப் பிறகு வேறு வகை யாத்ரீகர்களும் வரலானார்கள். அவர்களை அழைத்து வந்தது ஒரு கதையும், அதன் முடிவில் ஒலித்த பாட்டும்!

பாட்டின் பெயர் 'சீக்ரெட் பேஸ்'. 'ஸோன்' என்ற பெண்கள் இசைக் குழு 2001 ஆகஸ்டில் வெளியிட்டது. கோடை முடிந்து பிரியும் தோழர்கள், பத்து வருஷம் கழித்துச் சந்திப்போம் என்று வாக்குக் கொடுத்துக்கொள்கிறார்கள். அவ்வளவுதான் விஷயம். குழு 2005-ல் கலைந்துவிட்டது. ஆனால் 2011 ஆகஸ்டில், சொன்ன வாக்கைக் காப்பாற்றுவது போல் மீண்டும் மேடை ஏறியது!

அதே 2011-ல்தான் 'அனோஹனா' என்ற சித்திரத் தொடர் டெலிவிஷனில் வந்தது. எழுதிய மாரி ஒகாடா சிச்சிபுவில் பிறந்தவர். கதையில் வரும் மூன்று பெண்களுக்குக் குரல் கொடுத்த நடிகைகளே இந்தப் பாட்டைப் பாடினார்கள்.

கதை என்ன தெரியுமா? சிறு வயதில் ஆறு தோழர்கள். மென்மா என்ற சிறுமி இறந்துபோகிறாள். மற்ற ஐவரும் ஆளுக்கொரு திசையாகிறார்கள். வருஷங்கள் கழித்து அவள் ஆவியாக வந்து, ஜின்தா என்ற பையனின் கண்ணுக்கு மட்டும் தெரிகிறாள். தன் ஆசை ஒன்றை நிறைவேற்றச் சொல்கிறாள். ஆனால் என்ன ஆசை என்பது அவளுக்கே நினைவில்லை!

சிச்சிபுவின் யோஷிடா பகுதியில் அக்டோபர் திருவிழாவில் விடும் பெரிய வாண வெடியைப் போல் ஒன்று விட்டால் தீரும் என்று நண்பர்கள் நினைக்கிறார்கள். வாணம் விண்ணுக்குப் போகிறது, அவள் போகவில்லை. பிறகுதான் உண்மை தெரிகிறது. நோயில் படுத்திருந்த ஜின்தாவின் தாயிடம், "இவனை அழ வைக்கிறேன்" என்று அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். அம்மா வருந்தக் கூடாதே என்று கண்ணீரை அடக்கிக்கொண்ட பிள்ளை அவன். பிள்ளை அழவில்லையே என்று கலங்கியவள் அந்தத் தாய்! நம் வீடுகளிலும் "அழாதே, ஆண்பிள்ளை அல்லவா?" என்று எத்தனை சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்!

தொடரில் வரும் பழைய சிச்சிபு பாலம் 1931-ல் கட்டியது. இன்று அதில் வண்டிகள் போவதில்லை, நடக்கலாம். கீழே அரகாவா ஆறு ஓடுகிறது. 17-வது ஆலயமான ஜோரின்-ஜியில், பிரார்த்தனை எழுதிய மரப்பலகைகளில் மென்மாவும் நண்பர்களும் சிரிக்கிறார்கள்.

சிச்சிபுவுக்குப் போக வாய்த்தால், அந்தப் பாலத்தின் நடுவே சற்று நில்லுங்கள். ஒரு காலத்தில் "மறுபடி பார்ப்போம்" என்று சொல்லிப் பிரிந்த தோழி யாராவது உங்களுக்கும் ஞாபகம் வருவாள். ஊர் திரும்பியதும் அவளுக்கு நாலு வரி எழுதிப் போடுங்கள்.