கம்பவுண்டர் போய்விட்டார்... கலக்கும் வேலை யாரிடம் வந்திருக்கிறது?

பழவேற்காட்டு மீனவர்களுக்கு விகிதம் என்றால் என்னவென்று யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அவர்களுடைய ஏரியே ஒரு கலவைதான். ஒரு பக்கம் ஆரணி ஆறும் காளங்கி ஆறும் கொண்டுவரும் நல்ல தண்ணீர். இன்னொரு பக்கம் முகத்துவாரம் வழியாக ஏறிவரும் கடல் தண்ணீர். முகத்துவாரத்தை மணல் மூடிவிட்டால் கலவை மாறும், இறாலும் மீனும் குறையும். லைட்ஹவுஸ் குப்பமும் கூனங்குப்பமும் அதன் விலையைக் கொடுக்கும். கருவாட்டுக்கும் அதே கணக்குதான். உப்பு குறைந்தால் புழு வைக்கும், கூடினால் வாயில் வைக்க முடியாது.

மருந்துக்கும் இப்படி ஒரு கைக்கணக்கு உண்டு. அந்தக் கணக்கைப் போட முன்பு ஓர் ஆள் இருந்தார். அவர் பெயர் கம்பவுண்டர்.

டோக்கன் கொடுப்பவர், ஊசி போடுபவர், சினிமாவில் காமெடி செய்பவர் என்றுதான் பலருக்கு அவரைத் தெரியும். உண்மையில் பல பொருள்களைச் சேர்த்து மருந்தாக்குவதற்கு ஆங்கிலத்தில் உள்ள சொல்லிலிருந்து வந்த பெயர் அது. வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஆஸ்பத்திரிக்குக் காலி பாட்டிலைக் கழுவி எடுத்துப்போன கதையைச் சொல்வார்கள். வயிற்று வலிக்கு அதில் ஊற்றித் தந்த சிவப்பு மிக்ஸ்சரை மறந்திருக்க மாட்டார்கள். ஏலக்காய், பட்டை, சீமைச்சோம்பு ஊறிய டிஞ்சரில் கொச்சினீல் என்ற பூச்சியிலிருந்து எடுத்த சாயம் சேரும். அதுதான் அந்தச் சிவப்பு.

பாட்டிலின் பக்கவாட்டில் ஒரு காகிதப் பட்டையைப் பல் பல்லாக வெட்டி ஒட்டியிருப்பார். ஒரு பல், ஒரு வேளை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அளவு தப்பாது.

அந்த வேலையின் நுணுக்கம் வெளியே தெரியாது. ஒரு சிட்டிகை மருந்தை ஒரு கிண்ணம் மாவில் கலந்து பொட்டலம் போட வேண்டும் என்று வையுங்கள். மொத்தமாகக் கொட்டிக் கிளறினால் ஒரு பொட்டலத்தில் மருந்து குவியும், இன்னொன்றில் வெறும் மாவுதான் இருக்கும். அதனால் ஒரு சிட்டிகை மருந்துக்கு முதலில் ஒரு சிட்டிகை மாவு. இரண்டும் கலந்த பிறகு இரண்டு சிட்டிகை. பிறகு நான்கு, எட்டு என்று இரட்டித்துக்கொண்டே போக வேண்டும். திரவத்தை அளக்கும்போது கண்ணாடிக் குவளையைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி, நீர் குழிந்து நிற்கும் அடிக்கோட்டைப் பார்க்க வேண்டும். குழந்தை என்றால் வயதை வைத்து ஒரு பழைய வாய்பாடு உண்டு. வயதை, வயதோடு 12 கூட்டி வரும் எண்ணால் வகுப்பார்கள். நான்கு வயதுக் குழந்தைக்கு 4-ஐ 16-ஆல் வகுத்தால், பெரியவர் அளவில் கால் பங்கு. இன்று எடையை வைத்துக் கணக்கிடுகிறார்கள்.

1948-ல் வந்த பார்மசி சட்டம் இந்த வேலைக்கு வேலி போட்டது. மருத்துவர் எழுதிய மருந்தைக் கலப்பதும் கொடுப்பதும் பதிவு பெற்ற மருந்தாளுநரின் பொறுப்பு என்றது. இன்றும் டி.பார்ம் படிப்பவர்கள் இரண்டு ஆண்டுப் படிப்போடு 500 மணி நேரம் நேரடிப் பயிற்சி முடிக்க வேண்டும். மிக்ஸ்சர், களிம்பு, பவுடர் செய்வதைக் கல்லூரி ஆய்வகத்தில் கற்கிறார்கள். ஆனால், வேலைக்கு வந்த பிறகு பெரும்பாலானவர்களின் கைக்கு வருவது தொழிற்சாலை அட்டையும் சீல் வைத்த பாட்டிலும்தான்.

அப்படியென்றால் கலக்கும் வேலை முடிந்துவிட்டதா? இல்லை. அது வீட்டுக்கு, பெரும்பாலும் அம்மாக்களின் கைக்கு மாறியிருக்கிறது.

குழந்தைக்குக் கொடுக்கும் ஆன்டிபயாடிக் 'டிரை சிரப்' பவுடராகத்தான் வருகிறது. தண்ணீர் ஊற்றிக் கலப்பது அம்மா. பெரியவர்களுக்கான மாத்திரையைக் கால் பங்காக உடைக்கச் சொன்னால், காய்கறிக் கத்தியை எடுப்பதும் அம்மா. உடைந்த நான்கு துண்டும் சமமாக இருக்குமா என்பது அந்தக் கத்திக்குத்தான் வெளிச்சம். இது நம் ஊர்ப் பிரச்னை மட்டுமல்ல. குழந்தைகளுக்கேற்ற அளவில் மருந்து செய்யுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் தனி இயக்கமே தொடங்கியது. காசநோய்க்கு, குழந்தைகளுக்குச் சரியான அளவில், தண்ணீரில் கரையும் கூட்டு மாத்திரை 2015 இறுதியில்தான் அறிமுகமானது.

வீட்டுக் கலவைகளில் மிக முக்கியமானது ஓ.ஆர்.எஸ். அதன் கதையிலும் மருந்து கலந்தவர்களின் கைகள் இருக்கின்றன. 1971, வங்கதேசப் போர். மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில் அகதிகள் காலராவில் மடிந்துகொண்டிருந்தார்கள். நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மஹாலனபிஸ், உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய் வழியாகக் கொடுக்க முடிவெடுத்தார். கொல்கத்தாவில் ஒரு நூலக அறை பொட்டலம் கட்டும் கூடமானது. ஒரு லிட்டருக்கு குளுக்கோஸ் 22 கிராம், உப்பு 3.5 கிராம், சமையல் சோடா 2.5 கிராம். அங்கே எடை போட்டுக் கட்டிய பொட்டலங்கள் முகாமுக்குப் போயின. 30 சதவிகிதம் வரை இருந்த இறப்பு, 4 சதவிகிதத்துக்கும் கீழே இறங்கியது. மஹாலனபிஸ் மறைந்த பிறகு, 2023-ல் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது. பொட்டலம் கட்டிய கைகளின் பெயர் யாருக்கும் தெரியாது.

இன்றைய ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் 20.5 கிராம் இருக்கிறது. அதில் உப்பு 2.6 கிராம். இது ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கான கணக்கு. இப்போது பழவேற்காட்டுக்குத் திரும்புவோம். ஏரியோரக் குப்பங்களில் நிலத்தடி நீர் உப்பு கரிக்கும். லிட்டருக்கு 2 கிராம் உப்புள்ள தண்ணீரில் அந்தப் பாக்கெட்டைக் கலந்தால், 2.6 என்ற கணக்கு 4.6 ஆகிவிடும். வயிற்றுப்போக்கில் துவண்ட கைக்குழந்தைக்கு அது ஆபத்து. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. குடிப்பதற்கென்று வாங்கிவைத்த நல்ல தண்ணீரில்தான் கலக்க வேண்டும். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை ஒரு டம்ளரில் கொட்டுவதும் இதே தவறுதான். 'பாக்கெட்டை வாங்கிக்கோங்க' என்பதோடு, 'எந்தத் தண்ணியில கலப்பீங்க அம்மா?' என்று ஒரு மருந்தாளுநர் கேட்டால், அந்த ஒரு கேள்வி ஓர் உயிரைக் காக்கலாம்.

பழைய நாள்களே பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. கலப்பவர் கவனம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் முழுக்கச் சாட்சிகள் உண்டு. 2012-ல் அமெரிக்காவில் ஒரு மருந்து கலப்பு நிலையம் தயாரித்த முதுகுவலி ஊசியில் பூஞ்சை கலந்திருந்தது. 750-க்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டனர், 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தனர். தொழிற்சாலை என்றாலே பாதுகாப்பு என்றும் இருந்துவிட முடியாது. 1972-ல் சென்னையில் டை எத்திலீன் கிளைகால் என்ற நச்சு கலந்த மருந்தால் குழந்தைகள் இறந்தார்கள். 2025-ல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தில் அதே நச்சு 48.6 சதவிகிதம் இருந்தது. மத்தியப் பிரதேசத்தில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகளை அது பலிகொண்டது. கலப்பது சின்ன மேஜையோ பெரிய ஆலையோ, வந்த பொருளைச் சோதித்துப் பார்த்து, அளந்து, எழுதிவைக்கும் ஒரு பொறுப்பான மனிதர் வேண்டும்.

வீட்டில் அந்த மனிதர் நீங்கள்தான். மருந்துக் கடையில் மாத்திரையை வாங்கிக்கொண்டு நகரும் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். 'இதை உடைக்கலாமா?' என்று கேளுங்கள். பெயரோடு எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர். என்ற எழுத்துகள் இருந்தால் அது மெதுவாகக் கரைய வேண்டிய மாத்திரை. மருத்துவரையோ மருந்தாளுநரையோ கேட்காமல் உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. சிரப்பை சமையலறை ஸ்பூனில் ஊற்றாதீர்கள். மி.லி. கோடு போட்ட மூடியோ ஊசியில்லாத சிரிஞ்சோ போதும். டிரை சிரப்புக்குக் கொதித்து ஆறிய நல்ல தண்ணீரைக் கோடு வரை மட்டும் ஊற்றுங்கள்.

பிறகு ஒரு பேனாவை எடுத்து, கலந்த தேதியை பாட்டில் மேல் எழுதுங்கள். பல டிரை சிரப்புகளின் ஆயுள், கலந்ததிலிருந்து ஏழு நாள்தான். உங்கள் மருந்துக்கு எத்தனை நாள் என்று லேபிளில் இருக்கும். காகிதத்தைப் பல் பல்லாக வெட்டி ஒட்டிய அந்தக் கம்பவுண்டர் செய்ததும் இவ்வளவுதான். அடுத்து அந்த பாட்டிலை எடுப்பவர் தப்பு செய்ய வழியில்லாமல் பார்த்துக்கொண்டார்.