சுகோய் மூக்குல ஒரு கண்ணாடி உருண்டை

எங்க ஊர் தஞ்சாவூர். 2020-ல இருந்து அங்க சுகோய்-30 எம்கேஐ படைப்பிரிவு இருக்கு. மேல சத்தம் கேட்டா தெருவே அண்ணாந்து பார்க்கும். எனக்குப் பிடிச்சது காக்பிட்டுக்கு முன்னாடி துருத்திக்கிட்டு இருக்கிற அந்த உருண்டை. அகச்சிவப்பு சென்சார்.

ரேடார்ங்கிறது இருட்டுல டார்ச் அடிக்கிற மாதிரி. நீங்க எதிரியைப் பார்க்குறதுக்கு முன்னாடியே வெளிச்சம் உங்களைக் காட்டிக் கொடுத்துடலாம். உருண்டை எதையும் அனுப்பாது. வர்ற சூட்டை வாங்கிக்கும், அவ்வளவுதான். ஆனா சூடு திசையைத்தான் சொல்லும், தூரத்தை நேரடியாச் சொல்லாது. அதுக்கு லேசர் அடிக்கணும். நடுவுல கெட்டி மேகம் வந்தா ஆட்டம் குளோஸ்.

வீன் விதியை முதல் வருஷம் மார்க்குக்காகத்தான் படிச்சோம். 700 கெல்வின்ல சூடான உலோகத்துக்குப் போட்டுப் பாருங்க, 4 மைக்ரான் சொச்சம் வரும். 310-க்குப் போட்டா 9.3. அது மனுஷ உடம்பு. தரையைப் பார்க்குற டார்கெட்டிங் பாடுக்கும் அடிப்படை இதே வெப்பம்தான். அதோட திரையில நடந்து போற ஆள் ஒரு வெள்ளைப் புள்ளி. விவசாயியா, சிப்பாயான்னு சூடு சொல்லாது.

இந்த சென்சார் வேலைக்குத்தான் போகணும்னு ஆசை. அம்மா, "அங்க போய் என்னடா செய்வே?"ன்னு கேட்டாங்க. விமானத்தைக் கண்டுபிடிக்கிற கதையை மட்டும் சொன்னேன்.