செலவன்று, முதல்

வானளாவ உயர்ந்து நிற்கும் கட்டடத்தைக் காண்போர் அதன் எழிலை வியப்பர். அதனை வடிவமைத்த பொறியாளரைப் போற்றுவர். சாரத்தின்மீது நின்று கல்லும் இரும்பும் சுமந்த கைகளை எண்ணிப் பார்ப்போர் சிலரே. அக்கைகளுக்கு உரியவரைக் காக்க ஆகும் பணத்தைக் கட்டுமான முதலாளிகள் பலர் 'செலவு' என்றே கணக்கில் எழுதுகின்றனர். அது செலவுதானா?

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் உள்ள கோல்டன் கேட் பாலம் இதற்கு விடை கூறும். 1933ஆம் ஆண்டு தொடங்கி 1937ஆம் ஆண்டு நிறைவெய்திய அப்பாலத்திற்கு ஏறத்தாழ 35 மில்லியன் டாலர் செலவாயிற்று. ஒரு மில்லியன் டாலருக்கு ஓர் உயிர் போகும் என்பது அக்காலப் பாலப் பணிகளில் எழுதப்படாத கணக்கு. இரும்புக்கு இவ்வளவு, சிமெண்டுக்கு இவ்வளவு என்பதுபோல் மனித உயிருக்கும் ஓர் எண்ணிக்கை ஒதுக்கி வைத்திருந்த கொடுமை அது! அதன்படி 35 பேர் மாண்டிருக்க வேண்டும். தலைமைப் பொறியாளர் ஜோசப் ஸ்ட்ராஸ் அக்கணக்கை ஏற்கவில்லை. தலைக்கவசம் கட்டாயமாக்கப்பட்டது, பாலத்தின் அடியில் கயிற்று வலை விரிக்கப்பட்டது. வலையின் விலை சுமார் 130,000 டாலர். மொத்தச் செலவில் அது நூற்றில் அரைப் பங்குகூட இல்லை. அவ்வலையில் விழுந்து உயிர் பிழைத்தோர் 19 பேர். கீழே வலை உண்டு என்னும் துணிவு ஏனையோரின் கைகளுக்கும் உறுதி தந்தது.

ஆயினும் 1937 பிப்ரவரி 17ஆம் நாள், சுமார் 5 டன் எடையுள்ள சாரமொன்று பெயர்ந்து, வலையைக் கிழித்துக்கொண்டு கடலில் வீழ்ந்தது. பத்துப் பேர் மாண்டனர். பாலப் பணியில் உயிரிழந்தோர் மொத்தம் 11 பேர். மனிதரைத் தாங்க விரித்த வலை சாரத்தைத் தாங்கவில்லை. பாதுகாப்பை ஒருமுறை விலைகொடுத்து வாங்கிவிட்டு உறங்கிவிட இயலாது. சாரத்தின் பிடிமானத்தை நாள்தோறும் சோதிப்பதும் அம்முதலின் ஒரு பகுதியே.

இப்பாடத்தைச் சிங்கப்பூரும் கண்ணீர் சிந்தியே கற்றது. 2004 ஏப்ரல் 20ஆம் நாள், நிக்கல் நெடுஞ்சாலை அருகே ரயில் பாதைக்காகத் தோண்டப்பட்ட ஆழ்குழி இடிந்து நால்வர் உயிரிழந்தனர். குழியின் சுவர் அளவுமீறி வளைவதைக் கருவிகள் முன்னரே காட்டியிருந்தன. அவ்வெச்சரிக்கை உரியவாறு மதிக்கப்படவில்லை என்பதை விசாரணைக் குழு கண்டறிந்தது. கருவி வாங்கப் பணம் இருந்தது. வேலையை நிறுத்திவிட்டு அது சொல்வதைக் கேட்க மனம் இல்லை. 2006ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், இடர்களை முன்கூட்டியே ஆராய்ந்து நீக்கும் கடமையை விதித்தது. எல்லாத் தொழில்களையும் சேர்த்து, 2004இல் 100,000 தொழிலாளருக்கு 4.9 ஆக இருந்த வேலையிட மரண விகிதம், 2023இல் 0.99 ஆகத் தாழ்ந்தது. அடுத்த ஆண்டே அது 1.2 ஆயிற்று. பெற்ற பயன் தானாக நிலைத்து நிற்பதில்லை என்பதற்கு இதுவே சான்று.

சிங்கப்பூரின் கட்டுமானத் தளங்களில் உழைப்போருள் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து கடன்பட்டு வந்தோரும் உளர். அவருள் ஒருவர் வீழ்ந்தால் கடலுக்கு அப்பால் ஒரு குடும்பமே வீழ்கிறது. அவ்விழப்பு எந்த நிறுவனத்தின் பேரேட்டிலும் முழுமையாக ஏறுவதில்லை.

'முதல்' என்னும் தமிழ்ச்சொல் தொடக்கத்தையும் குறிக்கும். வாணிகத்தில் இடும் பொருளையும் குறிக்கும். அடிக்கல் நாட்டுமுன் எண்ண வேண்டிய முதலும், கணக்கேட்டில் இட வேண்டிய முதலும் உழைப்பாளியின் உயிர்க்காப்பே.